பித்தளைக் கோட்டுக்கு மேலே

பிரிக்பீல்ட்ஸ்
16 ஜூன் 2025

தம்பி அய்யூப்,

என் அழைப்பு என்று தெரிந்தால் நீங்கள் கைத்தொலைபேசியை எடுப்பதில்லை. தூண்டில் கழகத்தின் வாட்சாப் குழுவிலிருந்தும் நேற்று மாலையே வெளியேறிவிட்டீர்கள். கடைசியில் உங்கள் கடைக்கு அழைத்தேன். ஹுமைராதான் எடுத்தாள். "வாப்பா கோவமா இருக்காரு ஆன்டி. போனைக் குடுத்தா வாங்க மாட்டாரு. லெட்டர் போடுங்க லா, எழுதின பேப்பரைக் கண்டா படிக்காம விட மாட்டாரு" என்றாள். பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுமைப்படுத்தியவளுக்கு இது நல்ல தண்டனைதான். எழுதுகிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கேட்டீர்கள்: "சார் போய் மூணு வருஷம்கூட ஆகல. அவரு வச்ச அளவ நீங்களே மாத்தச் சொல்றீங்களா டீச்சர்?" நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டீர்கள். அந்தப் பதில்தான் இது. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும், ஆசிரியர் புத்தி.

தெராத்தாய் நீர்த்தேக்கத்தில் முப்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் குறைவான செபாராவ் மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அளந்துவிட்டுத் தண்ணீரில் விட வேண்டும் என்று விதி வைத்தவர் என் கணவர். மெர்பாவ் மரப் பலகையில் பித்தளைக் கோடு பதித்தவரும் அவரே. அந்த விதியால்தான் நீர்த்தேக்கம் பிழைத்தது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் சென்ற மாதம் நான் பார்க்கக் கேட்டதற்காக நம் கழகத்துக் கிரிதரன் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த மீன்களைப் பார்த்தேன். எல்லாம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை. தலை பெரிது, கண் அதைவிடப் பெரிது, கழுத்துக்குக் கீழே பென்சில் மாதிரி உடம்பு. செதிலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். குட்டி மீன்கள் அல்ல தம்பி. வயதான மீன்கள். வளராமல் வயதாகிவிட்டவை.

வகுப்பில் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ஒரு தொட்டியில் நான்கு பச்சைப் பயறு, இன்னொன்றில் கைப்பிடி நிறைய. முதல் தொட்டியில் கொடி படரும். இரண்டாவதில் எல்லாம் ஒரே உயரத்தில், வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றுவிடும். சின்னவற்றை எடுக்காதே என்று நாம் விதி வைத்தோம். போதாததற்கு ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் புதுக் குஞ்சுகளையும் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். தொட்டி நிறைந்துவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். கொஞ்ச காலத்துக்குச் சின்ன மீன்களை எடுக்கவிடுங்கள். தப்பித்தவறிப் பெரியது கிடைத்தால் அதைத் திருப்பி விடுங்கள். புதுக் குஞ்சு வேண்டாம். கழகத் தலைவர் நீங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
இராசேஸ்வரி


கிள்ளான்
27 ஜூன் 2025

டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்தபடி இரண்டு தடவை படித்தேன். மீ கோரெங் கேட்ட ஆளுக்கு ரொட்டி சானாய் போய்விட்டது. கையெழுத்து மாறவில்லை. மனசுதான் மாறியிருக்கிறது.

உங்களுக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். எனக்கு ஞாபகம் வருகிறபடிதான் சொல்லத் தெரியும். சார் வருவதற்கு முன்னால் அந்த டேம் எப்படி இருந்தது? வலை போட்டார்கள். பேட்டரி வைத்துத் தண்ணீரில் ஷாக் கொடுத்தார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்தால் விரல் நீளத்தில் ஒன்று கிடைக்கும், அதையும் பொரித்துத் தின்றோம். அப்போதுதான் சார் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான். "என்னா சார், மீனுக்கும் யூனிபார்முக்கு அளவு எடுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு நான் பிடித்தது கோட்டுக்கு ஒரு நகம் அளவு குறைவு. சார் திட்டவில்லை. பலகையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். வெயில் கொளுத்துகிறது. நான் விடும்வரை நகரவில்லை. விட்டுவிட்டேன் டீச்சர். வாழ்க்கையில் ஒரு மனிதர் பேசாமலேயே என்னைத் திருத்தியது அந்த ஒரு தடவைதான். அந்தக் கோட்டை இப்போது நான் எந்தக் கையால் பிடுங்குவது?

மீன்கள் பசியில் இருக்கின்றன என்கிறீர்கள். போன வாரம் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். டேம் காவலாளி அய்யாவு இரையே மாட்டாமல் வெறும் முள்ளைத் தண்ணீரில் போட்டான். கடித்தது! மறுபடி போட்டான். மறுபடியும் கடித்தது. "பாஸ், இனிமே புழு வாங்கற வேலை இல்ல" என்று ஆடுகிறான். இவ்வளவு மீன் மலேசியாவில் வேறு எந்த டேமில் இருக்கிறது? இது பரக்கத், அல்லாஹ் தந்த வளம், டீச்சர். சார் விட்டுப்போன பரக்கத்.

செப்டம்பரில் சார் நினைவு நாள் வழக்கம்போல நடக்கும். காப்பார் குஞ்சுப் பண்ணையில் சொல்லிவிட்டேன். இந்த வருடம் இருமடங்கு.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இல்லாமலும் எழுதவில்லை.

அய்யூப்


பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூலை 2025

தம்பி அய்யூப்,

பலகையை ஏந்திக்கொண்டு அவர் நின்றதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. வீட்டிலும் அப்படித்தான். நான் உப்பை அதிகம் போட்டுவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆனால் அய்யாவுவின் வெறும் முள் என்னைப் பயமுறுத்திவிட்டது. நீங்கள் அதைப் பரக்கத் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடைக்கு வரும் ஒருவன் காலித் தட்டை நக்கினால், கடையில் சாப்பாடு நிறைய இருக்கிறது என்றா நினைப்பீர்கள்? செபாராவ் சந்தேகப்பிராணி. நல்ல இரையைக்கூட இரண்டு தடவை முகர்ந்துவிட்டு விலகிப்போகும் மீன். அது வெறும் இரும்பைக் கடிக்கிறது.

கிரிதரன் கொடுத்த மீன்களில் சிலவற்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தேன். சமையல் கத்தியும் பழைய ஆய்வுக்கூடத் தட்டும் போதுமாயிருந்தன. ஒன்றில் அழுகிய இலை. ஒன்றில் சிகரெட் நுனி. இன்னொன்றில் ஒரு துடுப்பு. அதே இனத்தின் துடுப்பு. மற்றவற்றில் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த குடல் மாதிரி.

அவர் வைத்த அளவை நான் குறை சொல்லவில்லை. உங்கள் மகளுக்குச் சின்ன வயதில் கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டது நினைவிருக்கிறதா? எலும்பு கூடியதும் அவிழ்த்தார்கள். கட்டுப் போட்ட டாக்டர் நல்லவர், அவர் ஞாபகமாக அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் ஹுமைராவின் கை சூம்பிப்போயிருக்கும். அந்தக் கோடு ஒரு மாவுக்கட்டு. முறிந்தது கூடிவிட்டது, தம்பி.

அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளியில் ஒரே வினாத்தாளை அவர் ஒருபோதும் இரண்டு ஆண்டு கொடுத்ததில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. கழகத்தாரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சின்ன மீன்களைப் பிடியுங்கள். உங்கள் கடையில் குழம்பு வையுங்கள். நினைவு நாளுக்கு அதைவிட நல்ல படையல் எனக்குத் தோன்றவில்லை. நானும் வந்து சாப்பிடுகிறேன்.

இன்னொன்று. இங்கே மழை பெய்து வெகு நாளாகிறது. அங்கே எப்படி?

இராசேஸ்வரி


கிள்ளான்
2 ஆகஸ்ட் 2025

டீச்சர்,

இந்தக் கடிதம் சின்னதாகத்தான் இருக்கும். நேரமில்லை, மனமும் இல்லை.

சாரின் குஞ்சுகளைப் பிடித்துக் குழம்பு வைக்கச் சொல்கிறீர்கள். அதை நான் கழகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே நம் கழகத்துத் தங்கமணி அண்ணன் என் கடையில் உட்கார்ந்து, "டீச்சருக்கு ஏன் லா அவரு பேரை அழிக்கணும்னு தோணுது?" என்று கேட்டுவிட்டார். தே தாரிக் டீ கிளாஸை அவர் முன்னால் ஓங்கி வைத்தேன். பாதி மேசையில் கொட்டியது. உங்கள் பக்கம் பேசவும் முடியவில்லை, உங்களை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சார் போன பிறகு நீங்கள் ஒரு தடவையாவது டேம் பக்கம் வந்தீர்களா? ஐஸ் பெட்டியில் வந்த செத்த மீனைப் பார்த்து உயிரோடு இருக்கிற மீனுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

மழையைக் கேட்டிருந்தீர்கள். இல்லை. தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. டேம் கட்டுவதற்கு முன்னால் அங்கே இருந்த ரப்பர் தோட்டத்து அடிமரங்கள் வெளியே தெரிகின்றன. வெளுத்துப்போய், வரிசை வரிசையாக, ஆட்கள் நிற்கிற மாதிரி. தோட்டத்துச் சாலைகூடத் தெரிகிறது. நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப்போகிறது. போட்டோ எடுக்க ஆட்கள் வருகிறார்கள். தண்ணீர் குறைந்ததால் மீன்களை எட்டிப் பார்த்தாலே போதும், அவ்வளவு நெருக்கம். கரும்பச்சைத் தண்ணீர், அதற்குள் முதுகு முதுகாக. தண்ணீரில் சாக்கடை வாடை வருகிறது என்கிறான் அய்யாவு. அவனுக்கு எதிலும் வாடை வரும், என் பிரியாணியிலேயே வந்தது.

14 செப்டம்பர், ஞாயிறு. குஞ்சு கொண்டுவர லோரிக்குச் சொல்லியாகிவிட்டது. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அதையும் சாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அய்யூப்


சுபாங் ஜெயா
8 செப்டம்பர் 2025

தம்பி அய்யூப்,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மகன் சிவேந்திரன் வீட்டில் இருக்கிறேன். குளியலறைக்குப் போகவே இரண்டு பேர் வேண்டும். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுதாமல் நானே அங்கே வந்து நின்றிருப்பேன். பலகையையும் கேட்டு வாங்கி ஏந்திக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் வரவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் கல் காலியாக இருக்கும். அதைப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

இப்போது நான் சொல்வதைத் தயவுசெய்து கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் படியுங்கள். விதி, அளவு, அவர் பெயர், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வறட்சியை மட்டும் பாருங்கள்.

உங்கள் கடைக் குழம்பு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெளிவாக நிற்கும், அடியில் எல்லாம் படிந்திருக்கும். தெராத்தாயின் அடியில் படிந்திருப்பது ஆண்டுக்கணக்கான இலையும் கழிவும் சேறும். அந்த அடித் தண்ணீரில் மூச்சு விடக் காற்று கிடையாது. அய்யாவுவுக்கு வந்த வாடை அதுதான். இந்த ஒரு தடவை அவன் மூக்கை நம்புங்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு ஒரு பெரிய மழை குளிர்ந்து இறங்கினால், அண்டாவில் கரண்டி விட்ட மாதிரி அடித் தண்ணீர் மேலே வரும். தண்ணீரும் குறைவு, மீனும் அளவுக்கு மேல். இருக்கிற கொஞ்சக் காற்றும் ஒரு பொழுதுக்குள் தீர்ந்துவிடும்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு முறை லிப்ட் பாதியில் நின்றது. உள்ளே நெரிசல், மின்விசிறியும் ஓடவில்லை. முதலில் வியர்த்துச் சரிந்தவர் யார் தெரியுமா? அன்று எங்களைப் பார்க்க வந்திருந்த, எல்லோரையும்விட வாட்டசாட்டமான தங்கமணி அண்ணன். பெரிய உடம்புக்குப் பெரிய மூச்சு வேண்டும். மீனுக்கும் அப்படியே. விடியற்காலையில்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. அப்போது கரையோரம் வந்து வாயைத் திறந்து நிற்கும். இருப்பதிலேயே பெரியவை முதலில் வரும். அதுவரை ஆழத்தில் ஒளிந்திருந்து யார் கண்ணிலும் படாதவைகூட வரும். இறால்கள் தாமாகக் கல்லின்மேல் ஏறும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மகிழ்ந்துவிடாதீர்கள். அது மூச்சுத் திணறல்.

அப்படி ஒன்றைக் கண்டால் லோரியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒரு குஞ்சுகூடத் தண்ணீருக்குள் போகக் கூடாது. படகு இயந்திரத்தை ஓட விட்டுத் தண்ணீரை அடித்துக் கலக்கச் சொல்லுங்கள். எனக்கு உடனே அழையுங்கள். மீன் மொத்தமாகச் செத்து மிதந்தால் அதிகாரிகள் கழகத்தின் அனுமதியை எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அந்தக் கல்லைப் பார்க்க நான் துணிந்தாலும் உள்ளே விட மாட்டார்கள்.

கிரிதரனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "தலைவர் முடிவு பண்ணிட்டாரு டீச்சர். சண்டே எல்லாருக்கும் பிரியாணி, நீங்களும் வாங்க" என்கிறான்.

ஹுமைராவிடம், கடிதம் வந்தால் உங்கள் கையில் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுதின தாளைப் படிக்காமல் விட மாட்டீர்கள். அந்த ஒரு நம்பிக்கையில் இருக்கிறேன்.

உங்கள் அக்கா,
இராசேஸ்வரி


தெராத்தாய்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு காலை

அன்புள்ள டீச்சர்,

இங்கே காவலாளி கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டேன். பந்தல், அடுப்பு, நாற்காலி, எல்லாம் ஆள் நின்று செய்ய வேண்டியிருக்கிறது. டேமில் போன் லைன் கிடையாது. நேற்று மெயின் ரோட்டுக்குப் போய்க் கடைக்கு அழைத்தபோது, உங்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றாள் ஹுமைரா. "கொண்டு வந்து குடுக்கவா வாப்பா?" என்றாள். கல்லா டிராயரில் வைம்மா, திங்கட்கிழமை வந்து படிக்கிறேன் என்றேன். திட்டித்தான் எழுதியிருப்பீர்கள். எனக்கு வேண்டியதுதான். ஆனால் சார் நாளில் திட்டு வேண்டாம் என்று தோன்றியது.

டீச்சர், நமக்குள் சண்டை முடிந்துவிட்டது. முடித்து வைத்தது நான் இல்லை, நீங்களும் இல்லை. கேளுங்கள்.

நேற்று மாலை மழை கொட்டியது. என்ன மழை! பந்தல் துணி கிழிந்தது. தண்ணீர் ஜில்லென்று ஓடி வந்து டேமில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் நனைந்துகொண்டே கைதட்டினோம். சார் நாளுக்கு மழையும் வந்துவிட்டது என்றார் தங்கமணி அண்ணன்.

இன்று சுபுஹு தொழுதுவிட்டுப் படகுத்துறைக்கு இறங்கினேன். அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. முதலில் மழைத் தூறல் என்று நினைத்தேன். தண்ணீர் முழுவதும் அப்படிப் புள்ளி புள்ளியாக அசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் வாய்கள். மீன் வாய்கள். கரையோரம் பூராவும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நிற்கின்றன. ஒரு சத்தமும் இல்லை. சபையில் ஆட்கள் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அதில் பெரியவை இருந்தன, டீச்சர்! கோட்டைத் தொட ஒன்றும் இல்லை என்றீர்களே. நானும் உள்ளுக்குள் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தேன், இப்போது சொல்கிறேன். இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தனவோ. கல்லுக்குப் பக்கத்தில், சார் உட்காரும் அதே கல்லுக்குப் பக்கத்தில், ஒன்று நின்றது. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். துள்ளவில்லை. குழந்தை மாதிரி வந்தது. பலகையில் வைத்தேன். வால் நுனி பித்தளைக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் நீளம் போகிறது. அய்யாவுதான் சாட்சி, போட்டோ எடுத்திருக்கிறான். உங்களுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

இன்னொரு அதிசயம். இறால்கள் தாமாகவே கல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கையால் பொறுக்கி ஒரு வாளி நிறைத்துவிட்டோம். பிரியாணியோடு இறால் சம்பலும் உண்டு. கரையில் கொக்குகள் வரிசையாக நிற்கின்றன. தின்று சலித்துவிட்டன போலிருக்கிறது, குனியக்கூட இல்லை. சாக்கடை வாடை மட்டும் இன்று கொஞ்சம் தூக்கல். அடுப்பு மூட்டிச் சாம்பிராணி போட்டால் போய்விடும்.

நீங்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு குறைதான். பார்த்திருந்தால் நீங்களே கோட்டைத் தொட்டுக் கும்பிட்டிருப்பீர்கள்.

லோரிச் சத்தம் கேட்கிறது. மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குஞ்சுகளை இறக்கியதும் டிரைவர் பிரவினிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

அந்தப் பெரிய மீனை விதிப்படி நான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மனம் வரவில்லை. சாரின் மீன் என்று தண்ணீரில் விட்டுவிட்டேன். அது போகவில்லை, டீச்சர். என் காலடியிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்னை விட்டுப் போக அதற்கும் மனமில்லை போலிருக்கிறது.

உங்கள் தம்பி,
அய்யூப்